மஞ்சளின் மருத்துவ வரலாறு: ஆக்கவுரிமை வழக்கும் அழற்சி ஆய்வும்

1997 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஆக்கவுரிமை அலுவலகம், மஞ்சளைப் புண் ஆற்றும் மருந்தாகப் பயன்படுத்தும் முறைக்குத் தான் ஈராண்டுகளுக்கு முன்னர் வழங்கியிருந்த தனியுரிமையை நிராகரித்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் இது கைமருந்தின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. வறிய நாடொன்றின் மரபறிவு வல்லரசொன்றின் அலுவலகத்திலேயே நிலைநாட்டப்பட்டது என்ற வகையில் அக்கொண்டாட்டம் நியாயமானதே. ஆயினும் அத்தீர்ப்பு எதனைத் தீர்த்தது, எதனைத் தீர்க்காது விட்டது என்பது போதிய அளவு நோக்கப்படவில்லை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்ற கருத்து முன்னரே அறியப்பட்டிருந்ததா என்பது ஒரு வினா. மஞ்சள் உண்மையில் புண்ணை ஆற்றுகின்றதா என்பது முற்றிலும் வேறானதொரு வினா. அலுவலகம் விடையளித்தது முதல் வினாவுக்கு மட்டுமே. இரண்டாவது வினாவுக்கு இரு நூற்றாண்டு கால வரலாறு உண்டு. அவ்வரலாறு இன்னும் முடிவுறவில்லை.

ஐரோப்பியர் மஞ்சளை முதலில் மருந்தாக நோக்கினர் என்று கூறுவதற்கில்லை. அவர்களைக் கவர்ந்தது அதன் நிறமே. போர்த்துக்கேயர் அதனை இந்தியக் குங்குமப்பூ என்றனர். இலங்கையில் ஆங்கிலம் பேசுவோர் இன்றும் மஞ்சளைச் ‘சப்ரன்’ என்று வழங்குவது அப்பழைய மயக்கத்தை நினைவூட்டுகின்றது. 1815 இல் பிரான்சில் வோகல், பெலெத்தியே என்னும் இருவர் மஞ்சட் கிழங்கிலிருந்து அதன் நிறப்பொருளைப் பிரித்தெடுத்துக் குர்க்குமின் எனப் பெயரிட்டனர். இதே பெலெத்தியே ஐந்து ஆண்டுகளின் பின் கவெந்தூ என்பவருடன் சேர்ந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. குவினைன் உலகெங்கும் மலேரியா மருந்தாயிற்று. குர்க்குமினோ சாயமாகவும், காரத்தைக் கண்டறியும் மஞ்சட்டாளாகவும் இரசாயனவியலாளரின் மேசையில் தங்கிவிட்டது. அதன் அமைப்பு 1910 இல் மிலோபெட்ஸ்கா, கொஸ்தனெக்கி, லாம்பே ஆகிய போலந்து இரசாயனவியலாளரால் அறியப்பட்டது. 1949 இல் அது பக்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்ற செய்தி ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது. பிரித்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து இந்நிலையை அடைய நூற்றுமுப்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன.

அழற்சி என்பது நோயன்று. காயத்துக்கும் கிருமிக்கும் உடல் காட்டும் எதிர்வினையே அது. சிவத்தல், வீங்குதல், வெப்பமுறுதல், நோதல் என்னும் அதன் நான்கு குறிகளை முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமரான செல்சஸ் வகுத்துரைத்தார். இவ்வெதிர்வினை அடங்காது நீடிக்கும்போதே மூட்டுவாதம் முதலிய துன்பங்கள் தோன்றுகின்றன. மஞ்சளை அரைத்து வீக்கத்தில் பூசும் வழக்கம் இக்குறிகளைத் தணிக்கும் நோக்கினது என்பது வெளிப்படை. அவ்வழக்கத்தை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுசென்ற பெருமை இந்திய விஞ்ஞானிகளையே சாரும்.

லக்னோ நகரிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீமால், தவான் ஆகிய இருவரும் 1973 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளி எனலாம். கடற்பாசியிலிருந்து பெறப்படும் கராஜீனன் என்னும் பதார்த்தத்தை எலியின் பாதத்தில் ஊசிமூலம் ஏற்றினால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். மருந்தொன்றை முன்னரே கொடுத்து, வீக்கம் எவ்வளவு குறைகின்றது என்று அளப்பதே அக்காலத்தில் வழக்கிலிருந்த சோதனை. இச்சோதனையிற் குர்க்குமின், மூட்டுவாதத்துக்கு அந்நாளில் வழங்கப்பட்ட பீனைல்பியூட்டசோனுக்கு ஏறக்குறைய இணையாக நின்றது. நீடித்த அழற்சியிலோ அதன் வலிமை பாதியளவாகவே காணப்பட்டது. இரைப்பையைப் புண்ணாக்கும் தன்மை குறைவாயிருந்தமையே ஆய்வாளரின் நம்பிக்கைக்கு முக்கிய காரணமாயிற்று. 1980 இல் மூட்டுவாத நோயாளர் பதினெண்மருக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் குர்க்குமின் கொடுத்துப் பார்க்கப்பட்டது. பயன் உண்டெனக் கூறப்பட்டது. ஆயினும் பதினெண்மர் என்பது சிறு தொகை. சோதனைக் காலமும் குறுகியது.

இவ்விடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது தகும். மஞ்சட்டூளில் குர்க்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்காகும். எனவே அந்நோயாளர் ஒருவர் நாள்தோறும் பெற்ற அளவைச் சமையலின் மூலம் பெறுவதாயின் நாற்பது கிராம் மஞ்சட்டூளை உண்ணவேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆக்கப்படும் கறியிற் சேர்வது ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் மூன்று கிராம். ஆய்வுகூடத்துக் குர்க்குமினையும் அடுப்படி மஞ்சளையும் ஒன்றெனக் கருதுவோர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

1995 ஆம் ஆண்டு மஞ்சளின் வரலாற்றில் இருவகையாற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலே அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஆய்வாளர்கள், கலத்தினுள் அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்குகின்ற ‘என்.எப். கப்பா பி’ என்னும் புரதத்தைக் குர்க்குமின் அடக்குகின்றது என வெளியிட்டனர். எலியின் பாதத்திற் கண்டதற்கு மூலக்கூறு நிலையில் விளக்கம் கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. குர்க்குமின் பற்றிய கட்டுரைகள் அதன்பின் ஆயிரக்கணக்கிற் பெருகின.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு 5,401,504 ஆம் இலக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. மஞ்சட்டூளைக் கொடுத்துப் புண்ணை ஆற்றும் முறையே அதன் பொருள். விண்ணப்பித்த இரு ஆய்வாளரும் இந்திய வம்சாவளியினர். அவர்களின் இல்லங்களிலும் இக்கைமருந்து வழங்கியிருக்கும் என எண்ணுவதில் தவறில்லை. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996 இல், இரகுநாத் மஷேல்கர் அதன் தலைமைப் பணிப்பாளராயிருந்த காலத்தில், மறுபரிசீலனை கோரிற்று. அம்மன்றம் முன்வைத்த சான்றுகள் முப்பத்திரண்டு. வடமொழி, உருது, இந்தி மொழி நூல்கள் அவற்றில் அடங்கும். 1953 இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையொன்றும் அடங்கும். உரிமைக் கோரிக்கைகள் யாவும் நிராகரிக்கப்பட்டு, 1998 இல் வழக்கு முற்றாக முடிவுற்றது.

கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் செய்துவந்த ஒன்றை நிறுவ ஏடுகளும் சஞ்சிகைகளும் தேவைப்பட்டது ஏன்? விடை அமெரிக்கச் சட்டத்தில் உள்ளது. ஒரு பொருளின் பயன்பாடு அமெரிக்காவுக்குள் நிகழ்ந்திருப்பின் அது முன்னறிவாகக் கொள்ளப்பட்டது. அயல்நாட்டிலாயின் அச்சிட்ட வெளியீட்டிலோ ஆக்கவுரிமைப் பத்திரத்திலோ அது இடம்பெற்றிருத்தல் வேண்டும். ஆகவே அம்மியில் அரைத்தவளின் வாக்குமூலம் அங்கு செல்லாது. பரியாரி வீட்டுப் பரணில் அச்சேறாது கிடக்கும் ஏட்டுச்சுவடியின் நிலையும் ஐயத்துக்குரியதே. செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற வைத்திய நூல்களைத் தந்த யாழ்ப்பாணத்து மரபை நோக்குவோர்க்கு இதன் பொருள் எளிதிற் புலப்படும். இந்தியா 2001 இல் மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கி, சித்த மருத்துவத் தமிழ் நூல்கள் உட்படப் பலவற்றின் செய்திகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், யப்பானியம் ஆகிய மொழிகளில் ஆக்கவுரிமைப் பரிசோதகர் படிக்கும் வகையில் அமைத்தது. 2011 இல் இயற்றப்பட்டு 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் அமெரிக்கச் சட்டம் அந்நாட்டெல்லை வேறுபாட்டைக் கைவிட்டது.

முதல் வினா இவ்வாறு தீர, இரண்டாவது வினா மேலும் சிக்கலாயிற்று. உண்ட குர்க்குமின் குருதியை அடைகின்றதா என்பதே இடர்ப்பாடு. அது நீரிற் கரைவதரிது; குடலும் ஈரலும் அதனை விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 1998 இல் பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இரண்டு கிராம் குர்க்குமினைத் தனியே கொடுத்தபோது குருதியில் அது காணப்படவில்லை, அல்லது மிகச் சிறிதளவே காணப்பட்டது. மிளகின் காரப்பொருளான பிப்பரீனில் 20 மில்லிகிராமைச் சேர்த்துக் கொடுத்தபோது உறிஞ்சப்படும் அளவு இருபது மடங்காயிற்று. அரைக் கிராமிலும் குறைந்த மிளகிலேயே அவ்வளவு பிப்பரீன் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் சரக்குக் கறியில் மஞ்சளும் மிளகும் சேர்வதைக் கண்டு முன்னோர் இதனை அறிந்தே செய்தனர் என்று கூறுதல் எளிது. ஆனால் அக்கறியிற் சேரும் மிளகு ஆய்வின் அளவை எட்டினாலும் மஞ்சள் எட்டுவதில்லை. சுவைக்கும் செரிமானத்துக்கும் சேர்த்த சேர்க்கையை இரசாயனவியல் முன்னறிவாக வாசிப்பது முன்னோரைப் போற்றுவதாகாது.

2012 இன் பின், ரெக்சாசிலிருந்து வெளிவந்த குர்க்குமின் கட்டுரைகள் பல சஞ்சிகைகளால் மீளப்பெறப்பட்டன. 2017 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் குழுவொன்று வெளியிட்ட மீளாய்வு இன்னும் கடுமையானது. குர்க்குமின் நிலையற்றது, ஒளிர்வது, கண்ட புரதங்களோடெல்லாம் வினைபுரிவது, ஆதலால் சோதனைக் குழாயிற் பொய்யான வெற்றிகளை எளிதிற் காட்டவல்லது என்றது அது. அதுவரை நிகழ்ந்த நூற்றிருபதுக்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுள், முறைப்படி ஒப்பீட்டுக்குட்பட்டு ஐயமற்ற வெற்றி கண்டது எதுவுமில்லை என்பதும் அம்மீளாய்வின் முடிவு. மூட்டு நோவில் ஓரளவு தணிவு உண்டெனச் சில சிறிய சோதனைகள் காட்டுவதை இதனால் முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2022 இல் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிப்புற்ற பத்துப் பேர் பற்றி அமெரிக்காவிலிருந்து அறிவிக்கப்பட்டது. மிளகு சேர்த்த மாத்திரைகளும் அவற்றுள் அடங்கும். சமையலிற் சேரும் மஞ்சளுக்கு இக்குற்றம் பொருந்தாது.

வில்லோ மரப்பட்டையும் ஒருகாலத்திற் கைமருந்தே. எட்வர்ட் ஸ்ரோன் அதனைப் பற்றி 1763 இல் அறிவித்தார். இரசாயனவியலாளர் அதன் மூலக்கூற்றை மாற்றியமைத்து 1899 இல் அஸ்பிரினாகச் சந்தைக்கு விட்டனர். அது அழற்சியைத் தணிக்கும் விதத்தை ஜோன் வேன் 1971 இற் கண்டறிந்தார். குர்க்குமினை அவ்வாறு திருத்தியமைக்கும் முயற்சிகள் நிகழ்ந்தபோதும் அஸ்பிரின் போன்றதொரு மருந்து அதிலிருந்து தோன்றவில்லை. நடந்த சோதனைகளுட் பெரும்பாலானவை வாய்வழி உட்கொள்ளும் குர்க்குமினைப் பற்றியவை. 1996 இன் வழக்குக்குப் பொருளாயிருந்ததும், அம்மியில் அரைத்துப் புண்ணிற் பூசப்பட்டதுமான மஞ்சளைப் பற்றி முறையாக நடத்தப்பட்ட சோதனைகள் மிகச் சிலவே.