மலாக்காவின் ஒற்றை வாசல்

மலாக்காவுக்குப் போகிறவர்கள் அரண்மனையைத் தேடிப் பயனில்லை. சுல்தானின் மாளிகை என்று அங்கே காட்டுவது நம் காலத்தில் மரத்தால் செய்து வைத்த நகல். கோட்டையும் இல்லை. கோட்டைக்கு இருந்த வாசல்களில் ஒன்று மட்டும், சுவரையெல்லாம் பறிகொடுத்துவிட்டு, குன்றின் அடிவாரத்தில் தனியாக நின்றுகொண்டிருக்கிறது.

அதன் நெற்றியில் 1670 என்று பொறித்திருக்கிறது. அதைப் பார்த்து, கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1511-ல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் ஊரைப் பிடித்ததும், பள்ளிவாசல்களையும் சுல்தான்களின் சமாதிகளையும் பெயர்த்தெடுத்த கல்லைக் கொண்டு எழுப்பிய கோட்டை அது. 1641-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, பழுது பார்த்து, தங்கள் கம்பெனி முத்திரையைப் பதித்தார்கள். பிறகு 1795-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்தால் ஊரை டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். கோட்டையோடு கொடுப்பானேன் என்று 1807-ல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள்! மறுவருஷம் அங்கே வந்த ராபிள்ஸ் குறுக்கிட்டிராவிட்டால் இந்த வாசலும் மிஞ்சியிருக்காது என்கிறார்கள். நல்ல தர்மம்தான்.

அந்த நிழலில் நின்றபோது எனக்கு அல்புகர்க்கின் நினைவு வரவில்லை. நம்மவர் ஒருவரின் நினைவுதான் வந்தது. போர்த்துகீசிய ஏடுகள் அவரை 'நீனா சாத்து' என்கின்றன. நைனா செட்டி என்ற பெயர்தான் அவர்கள் நாவில் அப்படித் திரிந்தது என்று நான் நினைக்கிறேன். சோழமண்டலக் கரையிலிருந்து போய்க் குடியேறிய இந்து வியாபாரி. 1509-ல் முதன்முதலாக வந்த போர்த்துகீசியரில் சிலர் சுல்தானிடம் சிறைப்பட்டார்கள். அவர்களுக்கு உதவியவர் இவர். சிறையிலிருந்து அல்புகர்க்குக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் இவர் தயவால்தான்.

துரோகி என்று ஒரு வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. பட்டினி கிடப்பவனுக்கு உதவுவது ஒன்று, அவன் கடிதத்தைக் கடத்துவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டினார் என்று யார் சொல்ல முடியும்? சுல்தானின் அதிகாரிகளிடம் அவர் பட்டதென்ன, கொடுத்த லஞ்சமென்ன என்பதெல்லாம் நமக்கு முழுதாகத் தெரியாதே!

ஊர் கைமாறியதும் அல்புகர்க் அவருக்குப் 'பெண்டஹாரா' என்ற பெரிய பதவி கொடுத்தார். அவரும் போர்த்துகீசியரோடு பங்கு முதல் போட்டுப் பெகுவுக்குக் கப்பல் விட்டார். மூன்றே வருஷம். 1514-ல் கம்பார் அரசரைத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. அந்தப் பதவியைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததைப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் பரோஸ் எழுதியிருக்கிறார். செட்டியார் மேடை கட்டச் சொல்லி, சந்தனக் கட்டையும் அகிலும் அடுக்கித் தீ மூட்டச் செய்தாராம். உயர்ந்த பட்டுடுத்தி வந்து, தாம் செய்த உதவிகளையும் பெற்ற கைம்மாறையும் கூடியிருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு நெருப்பில் இறங்கினாராம். கம்பார் அரசரின் கதையும் சுகமாக முடியவில்லை. சிறிது காலத்துக்குள் சதிக் குற்றம் சாட்டி அவரையும் கொன்றுவிட்டார்கள்.

ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனால், தட்டார் தெருவில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. 1781-ல் டச்சுக்காரர் கொடுத்த மனையில் எழுந்தது. அடுத்தாற்போல் பள்ளிவாசல், அதையும் தாண்டினால் சீனக் கோயில். பிள்ளையார் அங்கே நிம்மதியாகத்தான் இருக்கிறார்.

அவரைக் காத்துவரும் மலாக்காச் செட்டிகள் அந்தப் பழைய வியாபாரிகளின் வழித்தோன்றல்கள். வாணிபம் கைவிட்டுப் போக, ஊருக்கு வெளியே காஜா பெராங் பக்கம் குடிபெயர்ந்தவர்கள். பெயரில் பிள்ளையும் செட்டியும் உண்டு, பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங். ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் வாழையிலை விரித்து முன்னோருக்குப் படைக்கத் தவறுவதில்லை. பழக் காலத்தில் இன்னொரு படையல், அதில் டுரியானும் மங்குஸ்தானும் உண்டு என்று ஒரு பெரியவர் சொன்னார்.

"கடல் தாண்டி வந்த தஞ்சாவூர்ப் பாட்டனாருக்கு டுரியான் வாசனை பிடிக்குமா, ஐயா?" என்று கேட்டேன். உடன் வந்த நண்பர் அதை மலாயில் சொன்னார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாட்டி இந்த ஊர்க்காரி. பிடிக்காமல் இருக்க முடியுமா?" என்றார்.