வென்றவர் நாட்டிய கல்



ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரைக் காணச் செல்வோர் அங்குள்ள பேராலயத்தின் மணிக்கோபுரத்தைக் காணாது மீள்வதில்லை. ஆயினும் அக்கோபுரம் மணிக்காக எழுப்பப்பட்டதன்று. 12ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் அரசர் கட்டுவித்த பெரும் பள்ளிவாசலின் தூபி அது. 1248இல் கிறித்தவ மன்னன் மூன்றாம் பெர்டினாண்டு நகரைக் கைப்பற்றினான். பள்ளிவாசல் ஆலயமாயிற்று. பின்னர் அதனை இடித்து, 15ஆம் நூற்றாண்டில் இன்றைய பேராலயத்தை எழுப்பலாயினர். தூபியை மட்டும் இடிக்க மனம் வரவில்லை போலும். அருகிலுள்ள அல்காசர் அரண்மனையிலோ, 14ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மன்னன் பெட்ரோ, முஸ்லிம் கலைஞரின் பாணியிலேயே தன் மாளிகையை அமைத்துக்கொண்டான். வென்றவன் தோற்றவனின் கலைக்குத் தலைவணங்கினான்.

இத்தகைய வரலாறு நம் சபரகமுவையிலும் உண்டு. இரத்தினபுரி நகருக்கு அண்மையில் உள்ளது மகா சமன் தேவாலயம். நாம் சிவனொளிபாதம் என வணங்கும் மலையின் காவற்றெய்வமாகச் சிங்கள மக்கள் போற்றும் சமன் தெய்வத்தின் திருக்கோயில் அது. 13ஆம் நூற்றாண்டில், இரண்டாம் பராக்கிரமபாகு மன்னனின் காலத்தில் அமைந்தது என்பது மரபு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் அதனை அழித்து, அவ்விடத்திலே கோட்டையும் கிறித்தவ ஆலயமும் கட்டினர். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் மணிமுடியும் ஸ்பெயின் மன்னரிடமே இருந்தது. ஆகவே, செவில் நகரை ஆண்ட அதே முடியின் பெயராலேயே இங்கும் கோயில் வீழ்ந்தது. பின்னர் போர்த்துக்கேயர் அகன்றனர். கண்டி மன்னர் காலத்தில் தேவாலயம் மீண்டும் எழுந்தது. ஆண்டுதோறும் அங்கே பெரகரா ஊர்வலம் நடைபெறுகின்றது.

தோட்டப் பாடசாலை மாணவர் சிலரை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றேன். போர்த்துக்கேயத் தளபதி சிமாவோ பிஞ்ஞாவோ, சிங்கள வீரன் ஒருவனைக் காலின் கீழ் மிதித்து நிற்பதைக் காட்டும் கற்சிற்பம் அங்குண்டு. அதனை நெடுநேரம் நோக்கிய சிறுவன் ஒருவன், "ஐயா, கோயிலை மீட்டவர்கள் இந்தக் கல்லை ஏன் உடைக்கவில்லை?" என்று வினவினான்.

முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு உடனே விடை தோன்றவில்லை. சற்றுப் பொறுத்துச் சொன்னேன்: "தம்பி, பெருமை பேச நாட்டப்பட்ட கல் இது. நாட்டியவர் போய்விட்டனர். இன்று இது அவர்கள் செய்ததற்குச் சாட்சி சொல்கிறது. உடைத்திருந்தால் நீ இக்கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாய்."

அவன் மீண்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், மிதித்தவனையன்று, மிதிபட்டவனை.