கடன்பட்ட வீடும் கணக்குப் புத்தகமும்

செலவைக் குறைத்துக் கடனை அடைத்துவிடு என்னும் அறிவுரை, கடன் கொடுத்தவர் வந்து சேர்வதற்கு முன்னரே கடன்பட்டவர் வாசலுக்கு வந்துவிடுகிறது. வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென 2022 ஏப்பிரலில் இலங்கை அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 ஆயிற்று. அந்நாட்களில் இவ்வறிவுரையைக் கேளாத செவி அளவெட்டியில் இல்லை. இடர் கடன் கழிந்து கைக்கு வந்த சம்பளத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர்களாகிய நாமும் கணக்கெழுதினோம். மீனைக் குறைத்தோம், பால்மாவைக் குறைத்தோம். சிக்கனம் நல்லதே. ஆயின் அது ஒரு குடும்பத்தை எப்போது கடனிலிருந்து மீட்கிறது, எப்போது மீட்பதில்லை என்பதற்கு நமது குடாநாட்டின் வரலாற்றிலேயே விடை உண்டு. அதனைச் சிறிது ஆராய்வோம்.

மாதச் செலவு என்னும் கருத்தே மாதச் சம்பளத்தோடு வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதுவினைஞரும் ஆசிரியரும், மலாயாப் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்க்கச் சென்றோரும் மாதந்தோறும் காசு கண்டவர்கள். அவர்கள் வீட்டில் வரவும் செலவும் ஒரே மாதத்துள் சந்தித்தன. புகையிலைத் தோட்டக்காரரின் நிலை வேறு. கன்று நட்டு, எருவுக்கும் இறைப்புக்கும் கூலிக்கும் செலவிட்டு, வெட்டிப் புகையூட்டிப் பாடமாக்கி, விற்றுக் காசு காண்பதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடும். அம்மாதங்களில் வீட்டுக்கு அரிசி வாங்குவதும் கடனிலேதான். சந்தையோ கடல் கடந்து திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே இறக்குமதித் தீர்வை உயர்ந்தாலும், கோயம்புத்தூர்ப் புகையிலை போட்டிக்கு வந்தாலும், அடி விழுந்தது இங்கே. இத்தகைய வீட்டில் செலவைக் குறைக்க வேண்டுமாயின் எருவைத்தான் குறைக்க வேண்டும். எருவைக் குறைத்தால் இலை சிறுக்கும். இலை சிறுத்தால் அடுத்த ஆண்டும் கடன்.

இக்கடன் பழையது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1707-இல் நடைமுறைக்கு வந்த தேசவழமை, ஒற்றியைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. காணியை ஒற்றி வைத்தவர் வட்டி கொடுப்பதில்லை; வட்டிக்குப் பதிலாக அதன் விளைவைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும். பார்வைக்கு இஃது இரக்கமுள்ள ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் விளைவு முழுவதும் பிறர் வீட்டுக்குச் செல்லும்போது முதலை எங்ஙனம் சேர்ப்பது? அரைவயிறு உண்டு மிச்சம் பிடிப்பதற்கும் அந்தக் காணியின் விளைவு அன்றோ கையில் இருத்தல் வேண்டும்? அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதே தேசவழமையில் உள்ளன என்பதை இவ்விடத்திற் சொல்லாமற் செல்வது நேர்மையாகாது. ஒற்றி வைக்கக் காணியில்லாத மனிதரின் உடலே மற்றொருவர் உடைமையாக இருந்த சமுதாயம் அது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844-இலேதான்.

கடனுக்குக் காரணம் குடியானவரின் ஊதாரித்தனம் என்பது ஆட்சியாளரும் சீர்திருத்தக்காரரும் நெடுங்காலம் கூறிவந்த விளக்கம். சீதனம், நகை, கலியாணம், செத்தவீடு, வேலி வழக்கு என்று பட்டியல் நீளும். அது முழுப் பொய்யன்று. சீதனம் எத்தனை காணிகளை ஈட்டில் வைத்தது என்பதை நொத்தாரிசுமார் எழுதிய உறுதிகள் அறியும். ஆயினும் 1875-இல் இந்தியாவின் தக்காணத்திலே, பூனா, அகமதுநகர் மாவட்டங்களில், குடியானவர் திரண்டு வட்டிக்காரரின் கடன் பத்திரங்களைத் தீயிலிட்டபோது, அதனை விசாரித்த ஆணைக்குழு வேறொரு முடிவுக்கு வந்தது. கலியாணச் செலவுக்கும் சடங்குச் செலவுக்கும் தகுதிக்கு மிஞ்சிய முக்கியத்துவம் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அரசு நியமித்த அக்குழுவே எழுதிற்று. மல்கம் டார்லிங் 1925-இல் வெளியிட்ட பஞ்சாப் குடியானவர் பற்றிய நூல் இன்னுமொரு வியப்பான செய்தியைத் தருகிறது. நிலத்தின் விலை ஏறிக் கடன் எளிதிற் கிடைத்த செழிப்பான காலத்திலும் அங்கே கடன் பெருகிற்று. கொடுப்பவர் தேடிவந்து கொடுக்கும்போது வாங்குபவரின் ஒழுக்கத்தை மட்டும் விசாரித்துப் பயனில்லை.

இலங்கையில் வங்கிகள் பெருந்தோட்டங்களையும் ஏற்றுமதி வர்த்தகத்தையும் கவனித்துக்கொண்டிருந்தன. சாதாரண மக்களுக்குச் செட்டிமாரும் உள்ளூர் வட்டிக்காரருமே கதி. சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் 1934-இல் அமைந்த வங்கி ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்தது.

அதற்கு முன்னரே 1911-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டம் கிராமங்களிற் கடன் சங்கங்கள் அமைக்க வழி திறந்திருந்தது. யாழ்ப்பாணத்தார் அவற்றை ஐக்கிய நாணய சங்கம் என்றனர். நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், வாக்குத் தவறாமையையும் குறிக்கும். பெயர் வைத்தவர் தமிழறிந்தவராக இருத்தல் வேண்டும். முறை ஜெர்மனியின் ரைபைசன் வகுத்தது. உறுப்பினர் ஒரே ஊரவர், ஒருவரையொருவர் அறிந்தவர். சங்கம் பட்ட கடனுக்கு எல்லோரும் வரையறையின்றிப் பொறுப்பு. கடன் எதற்கு என்று கேட்கப்படும். எருவுக்கென்று வாங்கிய காசு எருவுக்குச் சென்றதா என்பதை வேலிக்கு அப்பால் நிற்பவரே பார்த்துக்கொள்வார். பழைய கடனைத் தீர்க்கவும் கடன் உண்டு. தவணை விளைவைப் பார்த்து வைக்கப்படும். இலாபம் பங்கிடப்படாமல் சேமநிதியிற் சேரும்.

இங்கேதான் சிக்கனம் தன் வேலையைச் செய்தது. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிடியரிசி எடுத்துவைத்துப் பழகிய பெண்களுக்கு மிச்சம் பிடித்தலைக் கற்பிக்க எவரும் வேண்டியதில்லை. மிச்சம் பிடித்த காசுக்குப் போக்கிடம்தான் வேண்டியிருந்தது. அடுக்குப்பெட்டியில் இருந்தால் அடுத்த காய்ச்சலோடு அது போய்விடும். சீட்டுப் பிடித்தால் அவசரத்துக்குக் கழிவு போக எடுக்க வேண்டும். சங்கத்தில் இட்டால் அதுவே அயலவருக்கு எருவாகிப் பிறகு திரும்பியும் வந்தது. 1929-இல் யாழ்ப்பாணத்திற் கூட்டுறவு வங்கி எழுந்தது. 1930-களில் புகையிலை விற்பனைக்குச் சங்கம் கண்டனர். மூளாயிற் கூட்டுறவு மருத்துவமனை கண்டனர். நோய் வந்த வீட்டிற் கடன் வரும் என்பதை அறிந்தவர்கள் செய்த காரியம் அது.

குறையும் உண்டு. பிணைக்கு இருவர் வேண்டும் என்ற விதி, காணியுள்ளவர்க்கு எளிது. காணியற்ற கூலியாளுக்கு, அதிலும் சாதியின் பெயரால் முற்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு, யார் பிணை நிற்பார்? ஐக்கியம் என்ற பெயர்ப்பலகை இக்கேள்விக்கு மறுமொழி தரவில்லை.

1970-களின் முற்பாதியில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டபோது தோட்டக்காரர் கையிற் காசு புழங்கிற்று, கல்வீடுகள் எழுந்தன. செலவைக் குறைத்து வந்த செழிப்பன்று அது. விளைபொருளுக்கு விலை கிடைத்ததனால் வந்தது. 1977-க்குப் பின் சந்தை திறந்தது. பின்னர் யுத்தமும், 1995-இன் வலிகாமம் இடப்பெயர்வும். கணக்குப் புத்தகங்களையும் விட்டே சனங்கள் நடந்தார்கள்.

2009-க்குப் பிறகு வடக்கில் நுண்கடன் கம்பனிகள் நுழைந்தன. பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கி, வாரந்தோறும் வந்து தவணை வாங்கின. ஊரவர் ஊரவருக்குப் பொறுப்பு என்னும் பழைய நாணய சங்கத்தின் முறையே இது. ஆயின் சேமநிதி ஊரில் இல்லை, தவணை விளைவைப் பார்ப்பதில்லை. ஒரு கம்பனிக்குக் கட்ட மற்றொன்றில் வாங்கினர். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனுக்கு அரசு 2018-இல் நிவாரணம் அறிவித்தது. பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் 2021-இல் சத்தியாக்கிரகம் இருந்த சிங்களப் பெண்களும் இதே தவணைக்காரருக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்கள்தாம். அவர்கள் தெருவோரத்தில் இருந்து கேட்டது, அடுப்பிற் செலவைக் குறைக்கும் வழியையன்று. கடன்களை நீக்கும்படியே கேட்டார்கள்.