தோட்டக் கோயில் சிலைகளைப் படமெடுக்க மூன்று கிளிக்

பத்து காஜா கெல்லிஸ் காசலுக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயில் கூரையில், சாமி சிலைகளோடு தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித்தும் வெள்ளை உடையில் நிற்கிறார். நண்பகலில் முகம் தெரிய எடுத்தால் வானம் வெளுத்துவிடும். வானம் தெரிய எடுத்தால் முகம் கறுத்துவிடும்.

இதற்குத்தான் ‘பிராக்கெட்டிங்’. கேமராவை முக்காலியில் பொருத்தி, ஏவி (சில கேமராக்களில் ஏ) முறையில் எஃப்8, ஐஎஸ்ஓ 100 என வையுங்கள். ஏஇபி-யில் -2, 0, +2 கொடுத்தால் ஷட்டர் வேகம் மட்டுமே மாறி மூன்று படங்கள் விழும்: நடுப்படம் 1/250 என்றால் மற்றவை 1/1000, 1/60. மூன்றையும் கணினியில் இணைக்கலாம். மிகையாகப் போனால் சிலை பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும்.

கும்பாபிஷேகத்துக்குப் புதுவண்ணம் பூசிவிட்டால் இன்றைய முகம் இருக்காது. உங்கள் தோட்டக் கோயிலையும் அதற்குமுன் எடுத்துவிடுங்கள்.