வெந்நீரும் வழிநடையும்

தலைமன்னாரில் வெந்நீரூற்று இல்லை. மணலும் உவர்க்காற்றுமே உண்டு. ஆயினும் ஈழத்து வெந்நீரூற்றின் கதையை இத்துறையிலிருந்தே தொடங்குகிறோம். பிரயாணத்தின் சுகம் எவருக்குக் கிட்டியது, எவருக்குக் கிட்டவில்லை என்பதற்கு இத்துறையே சாட்சி.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே, இருகரை ரயில்களையும் இணைக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. இங்கு இறங்கியோருள் வசதி படைத்தோர் நாட்டைச் சுற்றிப் பார்த்தனர். 1927இல் திருகோணமலைக்கு இருப்புப்பாதை எட்டியதும் கன்னியா வெந்நீரூற்றும் அவர்களுக்கு எளிதாயிற்று. அங்கே அருகருகே ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெம்மை சற்றே வேறுபடும். மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதே நீராட்டு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்திப் பெற்ற நீர் என்பது ஐதிகம். நிலவியல் கூறுவதோ வேறு. இலங்கையில் எரிமலை இல்லை. பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்தில் இறங்கும் மழைநீர், பூமியின் சூடேறி மேலே வருகிறது. அந்நீருக்கு ஆண்டான் அடிமை தெரியாது.

மனிதர் வகுத்த வழிகளுக்கோ அது நன்றாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்கள் தேடியது வெந்நீரன்று, குடிநீர். கப்பல் வந்த பின்னும், நோய்த்தடுப்பின் பெயரால் தொழிலாளர் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டனர்.

உழைப்பாளிக்கு நீராட்டுச் சுகம் மிகையென்பாரும் உளர். வெந்நீரூற்றுகளுக்குப் பேர்போன ஜப்பானைப் பார்ப்போம். அங்கே 'தோஜி' என்றொரு பழவழக்கம் உண்டு. அறுவடை முடிந்த உழவர் அரிசி சுமந்து சென்று, ஊற்றருகே தங்கி, தாமே சமைத்துண்டு, பல நாள் நீராடி உடல்நோவு தீர்த்தனர். அங்கும் பேதம் இல்லாமலில்லை: 1894இல் எழுந்த தோகோ பொதுக்குளியல் மாளிகையில், 1899இல் அரச குடும்பத்துக்கெனத் தனி நீராட்டறை சேர்ந்தது. ஆயினும் ஓய்வு உழைப்பவனுக்கும் உரியது என்பதை அவ்வுழவர் வழக்கமாக்கினர்.

1964இன் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் வந்த போர் தலைமன்னார் ரயிலையும் நிறுத்தியது. 2015இல் ரயில் மீண்டது. ஆசிரியரே, மாணவரே, விடுமுறையில் கன்னியாவுக்குச் செல்லுங்கள், நீராடி மகிழுங்கள். திரும்பும்போது ஒன்றை விசாரியுங்கள்: நாட்கூலி பெறும் மலையகத் தொழிலாளி ஒருவர், குடும்பத்தோடு அங்கு வந்துபோக எத்தனை நாட்கூலியை இழக்க வேண்டும்?