மேசைக் கணினி: தொடக்கத் தடுமாற்றம்

மேசைக் கணினி ஒரு நேரம் ஒழுங்காகத் தொடங்கி, மறுநேரம் தொடங்க மறுக்கும் கோளாறே தொடக்கத் தடுமாற்றம். காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை மட்டும் இருண்டு கிடக்கும். இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டால், எதுவுமே நடக்காததுபோல் விண்டோஸ் வந்துவிடும். அடியோடு நின்றுபோன கணினியில் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. விட்டுவிட்டு வரும் கோளாறோ, பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனதும் ஒளிந்துகொள்ளும். அதனால் எந்த உதிரிபாகத்தை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன், எப்போது தவறுகிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற இரண்டையும் கவனித்தாக வேண்டும்.

பொத்தானிலிருந்து திரைவரை

சுவரில் ஸ்விட்ச் போட்ட உடனே கணினி பாதி விழித்துக்கொள்கிறது. இன்டெல் நிறுவனம் 1995இல் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ். அமைப்பின்படி, கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை எப்போதும் தந்துகொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் 12, 5, 3.3 வோல்ட் இணைப்புகள் உயிர்பெறுகின்றன. அவை நிலைபெற்றபின், 100 முதல் 500 மில்லிநொடிக்குள் சாம்பல் நிற ஒயரில் ‘மின்சாரம் சரி’ என்ற சைகை மதர்போர்டுக்குப் போகும். அது வரும்வரை சி.பி.யு. வேலையைத் தொடங்காது.

அடுத்து, மதர்போர்டில் உள்ள தொடக்க நிரலான பயாஸ் தன் சுயபரிசோதனையை நடத்துகிறது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. எல்லாம் சரியென்றால் ஒரு குறும் ‘பீப்’ ஒலி எழுப்பும். கோளாறு இருந்தால் ஒலியின் நீளமும் எண்ணிக்கையும் மாறும். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் சி.பி.யு., ரேம், வரைகலை அட்டை, பூட் ஆகிய நான்குக்கும் தனித்தனிச் சிறு விளக்குகள் இருக்கின்றன. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம்.

மின்சாரமும் மின்தேக்கிகளும்

இரவெல்லாம் அணைந்து கிடந்தபின் முதல் அழுத்தலில் மட்டும் தகராறு செய்து, சூடேறியபின் நாள் முழுக்கச் சீராக ஓடும் கணினியில் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மீதும் மதர்போர்டின் மின்தேக்கிகள் மீதும் விழ வேண்டும். திரவ மின்பகுளி உள்ள மின்தேக்கி வயதாக ஆக உலர்ந்து, அதன் உள்தடை கூடுகிறது. குளிரில் இன்னும் கூடுகிறது. மின்னழுத்தம் நிலைபெறத் தாமதமாவதால் ‘சரி’ சைகை வராமலே போகிறது. மீண்டும் மீண்டும் அழுத்தும்போது மின்தேக்கி சற்றே சூடேற, கணினி எழுந்துவிடுகிறது.

இந்தப் பாகத்தின் குறை ஒரு காலத்தில் தொழில்துறையையே உலுக்கியது. 2000களின் தொடக்கத்தில் தைவானில் தயாரான மின்தேக்கிகள் பலவற்றில் மின்பகுளியின் கலவை பிழையாக இருந்தது. உள்ளே வாயு சேர்ந்து, தட்டையாக இருக்க வேண்டிய மேல்மூடி உப்பி, சிலவற்றில் பழுப்பு நிறக் கசிவும் வந்தது. மின்தேக்கிகள் பழுதாகும் இதே சிக்கலில் டெல் நிறுவனமும் மாட்டிக்கொண்டது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அது அனுப்பிய குறைந்தது 1.18 கோடி கணினிகளுக்குப் பழுதாகும் அபாயம் இருந்தது என்பது பின்னாளில் நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளியானது.

மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பார்க்கலாம். 12 வோல்ட் இணைப்பில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் இணைப்பில் 4.75 முதல் 5.25 வரை இருப்பது சரி. கணினி ஓடும்போதே அளக்க வேண்டும், சுமையில்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சரியான எண் தெரிவதால் அது நல்ல நிலையில் இருக்கிறது என்று ஆகிவிடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்மின்தேக்கியில் 325 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும்.

ரேம், பேட்டரி, வட்டு

விசிறி சுற்றியும் திரை வராவிட்டால் ரேமைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய முனைகளைத் துடைத்து, ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்துவது வழக்கம். தூசியும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் இதுவே பல நேரம் போதுமானது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 1994இல் கிறிஸ் பிராடி உருவாக்கிய மெம்டெஸ்ட்86 போன்ற நிரலைச் சில மணி நேரம் ஓடவிட்டால், எப்போதாவது தலைகாட்டும் பிழையும் சிக்கும்.

தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போனால், சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். பயாஸ் அமைப்புகள் அழிவதால் கணினி பூட் வட்டைத் தேடித் தடுமாறக்கூடும்.

பயாஸ் வரை வந்து அங்கேயே நின்றால் பார்வை வட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். வட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில், 5ஆம் எண் வரிசையின் கணக்கு ஏறிக்கொண்டே போனால் வட்டு கெட்டுவருகிறது. 199ஆம் எண் வரிசையின் கணக்கு ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி சாட்டா கேபிள்தான். புது வட்டு வாங்கும் செலவு அங்கே மிச்சம்.

கண்டறியும் முறை

மதர்போர்டு, சி.பி.யு., விசிறி, ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ். இவற்றை மட்டும் வைத்துத் தொடங்கிப் பார்ப்பது அடிப்படைச் சோதனை. சி.பி.யு.வில் வரைகலை வசதி இல்லையென்றால் அதற்கான அட்டையும் வேண்டும். இந்த நிலையில் சீராகத் தொடங்கினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் பழுது எதில் இருந்தது என்பது தெரியாமலே போகும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பல முறை தொடங்கிப் பார்ப்பதும், குளிர்ந்த நிலையில் ஒரு முறையாவது பார்ப்பதும் கட்டாயம்.

கோளாறு அல்லாதவை

விண்டோஸ் 8 முதல் உள்ள ‘வேகத் தொடக்கம்’ வசதியில், கணினியை அணைக்கும்போது இயங்குதளத்தின் மையப்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்தாளப்படுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அணைத்துப் போடும்போது தடுமாறி, ரீஸ்டார்ட்டில் ஒழுங்காக வரும் கணினியில் இந்த வசதியை நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். டி.டி.ஆர்.5 ரேம் பொருத்திய புதுக் கணினிகளும் முதல் தொடக்கத்தில் ரேமுக்கு ஏற்ற நேர அளவுகளைக் கணிக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. அதுவரை திரை இருண்டிருக்கும். பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டித்தால் கணிப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.