ஒரே கார், இரண்டு சின்னம்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் மரக்காணம் வரும். இரண்டு பக்கமும் உப்பளங்கள், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். பாத்தியிலிருந்து வாரும்போது அந்த உப்புக்குப் பெயர் எதுவும் இல்லை. பாக்கெட்டில் அடைத்துப் பெயர் அச்சிட்ட பிறகுதான் ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்ற பேச்சே வருகிறது.

அந்தச் சாலையில் பறக்கும் கார்களுக்கும் இதே கதைதான். முகப்பில் சாய்ந்த 'எச்' இருந்தால் ஹூண்டாய், நீல நிற நீள்வட்டம் என்றால் ஃபோர்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் முன்பே, சின்னத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டாகிவிடும்! இந்தச் சின்னத்தின் பலத்தையும் பலவீனத்தையும் காட்டிய ஒரு கார் கம்பெனி சென்னையிலேயே இருந்தது. அதன் பெயர் ஸ்டாண்டர்ட்.

1903-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ரெஜினால்ட் மாட்ஸ்லே தொடங்கியதுதான் தாய்க் கம்பெனி. சோதித்துப் பார்த்த, நம்பகமான பாகங்களை மட்டுமே போடுவோம் என்பது அவர் எண்ணம். அதனால்தான் 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர் வைத்தார். அப்போது அது தரத்தைக் குறித்த சொல்.

காலம் மாறியது. மற்ற கம்பெனிகள் 'டீலக்ஸ்' மாடல்களை இறக்கின. டீலக்ஸ் வாங்க முடியாதவருக்குக் கிடைப்பது 'ஸ்டாண்டர்ட்' மாடல் என்று ஆனது. நல்ல பெயரே கம்பெனியைக் கீழே இழுத்தது! கையில் இன்னொரு பெயர் தயாராக இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில் வாங்கிய ட்ரையம்ஃப். அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் டென் கார், 'ட்ரையம்ஃப் டிஆர்10' என்ற பெயரில் விற்கப்பட்டது. 1959-ல் வந்த புதிய ஹெரால்ட் காருக்கும் ட்ரையம்ஃப் சின்னமே. 1963-ல் பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் என்ற கார்ப் பெயரே மறைந்தது.

இந்தியாவில் நடந்ததோ நேர் எதிர். 1948-ல் தொடங்கிய 'ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா', சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் கார்களைத் தயாரித்தது. 1961-ல் அதே ஹெரால்ட் இங்கு வந்தபோது அதன் மேல் இருந்தது ஸ்டாண்டர்ட் சின்னம்! இங்கே அந்தப் பெயருக்கு மட்டம் என்ற அர்த்தம் ஒட்டவில்லை. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என மூன்றே பெயர்கள் சொல்லப்பட்ட காலம் அது. அங்கே வெட்கப்பட்டு மறைத்த பெயர், இங்கே கௌரவம். பின்னர் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்ததும் இந்தியாவில்தான். 1972-ல் அதை மாற்றியமைத்து 'கசெல்' வந்தது. 1977-ல் அதுவும் நின்றது.

கடைசி முயற்சி 1985-ல். பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் அழகான உடலைக் கொண்டுவந்து, 'ஸ்டாண்டர்ட் 2000' என்று பெயர் சூட்டினார்கள். ரோவரில் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் கூட உண்டு. இதில் இருந்ததோ 1940-களின் வான்கார்ட் கார் எஞ்சின் வழிவந்த 2 லிட்டர் எஞ்சின். அந்த எஞ்சின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது! விலையோ எக்கச்சக்கம். மாருதி வந்துவிட்ட சந்தையில் இது எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. அதை நம்பி இருந்த தொழிலாளர்கள் பிழைப்பை இழந்தார்கள்.

ஒரு சொல்லுக்கு ஊருக்கு ஊர் மதிப்பு மாறும். அதைப் புரிந்துகொண்ட கம்பெனி சின்னத்தை மாற்றியே விற்றுவிடலாம். ஆனால் எஞ்சின் என்ன என்பது ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரிந்துவிடும். பாக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தால் என்ன... உப்பு கரிக்க வேண்டுமே!